ஆறில் எத்தனை தெரிகிறது

2020 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி 38 நிமிடம். கொரோனா காலம். அந்த மாதம் ஞாயிறு என்றாலே தமிழ்நாடு முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு. வல்லக்கோட்டையில் மெயின் ரோட்டைக் கடக்க யாரும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெரிய கோயில்கள் எதுவும் பக்தர்களுக்குத் திறக்காத ஆடி அது. கிருத்திகைக்குக் காவடி இல்லை, மொட்டை இல்லை, கோயில் வாசலில் தேங்காய்க் கடைகூட இல்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிடத்தில், நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே ஒரு கல் பூமியைக் கடந்து போனது. உயரம் 2,950 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்குக் கயிறு பிடித்தாற்போல் அளந்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் வீட்டு டிவிக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்கள் நிற்பதே 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அவற்றுக்கெல்லாம் வெகு கீழே, வீட்டுக்குள் நுழைந்து அடுக்களை வரைக்கும் வந்து திரும்பிய விருந்தாளி மாதிரி வந்து போயிருக்கிறது. வேகம் நொடிக்கு 12.3 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணை மூடித் திறந்தால் ஒரகடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு 3 முதல் 6 மீட்டர். நாசா அதற்குச் சொன்ன உவமை, எஸ்யூவி கார். எஸ்யூவி செய்து அனுப்பும் ஊர்க்காரனுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூமியில் மோதாமல் போன விண்கற்களில் அதுவரை பதிவானவற்றில் இதுதான் மிக நெருக்கமானது. அந்த நேரத்தில் அது வருவது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கிக்கும் சிக்கவில்லை. கடந்து போய் ஆறு மணி நேரம் ஆனபிறகுதான் கண்டுபிடித்தார்கள். முதலில் கண்டவர்களில் இருவர் மும்பை ஐஐடி மாணவர்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஸ்கைலாப்.

1979 ஜூலையில் எனக்கு எட்டு வயது. அமெரிக்கர்கள் மேலே விட்ட விண்வெளி ஆய்வுக்கூடம், எழுபது டன்னுக்கு மேல் எடை, கட்டுப்பாடு இழந்து கீழே வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கே விழும் என்று விட்டவர்களாலேயே சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் கோழி அடித்தார்கள், இருக்கிறவரை தின்றுவிடலாம் என்று. வட்டி கேட்டு வந்தவரிடம் என் பெரியப்பா, “புதன்கிழமை தாண்டட்டும் பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பினார். ஜூலை 11, புதன்கிழமை இரவு தெருவே குளக்கரைக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. வியாழக்கிழமை காலையில் வட்டிக்காரர் வந்து நின்றார்.

அன்று செய்தி வந்தது, ஊர் முழுக்க வானத்தைப் பார்த்தது. 2020இல் அதே கடலுக்கு மேலே ஒரு கல் போனது, நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே 41 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் வானத்துக்கு என்ன ஆனது, வானத்தைப் பார்க்கிற கண்ணுக்கு என்ன ஆனது என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஊரைப் பற்றி முதலில். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே உள்ளது வல்லக்கோட்டை. முருகன் ஏழடி உயரத்தில் நிற்கும் கோயில். வல்லன் என்ற அசுரனை வதைத்த இடம் என்பது தலபுராணம். இந்திரன் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் வஜ்ர தீர்த்தம்தான் கோயில் குளம். அருணகிரிநாதர் பாடிய தலம். அவர் வாக்கில் இந்த ஊர் கோடைநகர். நான் சிறுவனாக இருந்தபோது கோயிலைச் சுற்றி ஏரிப்பாசன நெல், மேட்டில் வேர்க்கடலை, வரப்பில் பனை. இரவில் கோயில் வாசலில் ஒரு குண்டு பல்ப், டீக்கடையில் ஒரு பெட்ரோமாக்ஸ். எட்டரைக்கு டீக்கடை மூடினால் மீதி ராத்திரி முழுக்க நட்சத்திரத்துடையது.

முருகன் ஊர் என்பதால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை. பாட்டிதான் வாத்தியார். மார்கழியில் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் நடு உச்சியில் இருக்கும், ஒரு பிடி அரிசி மாதிரி. “எத்தினி தெரியுது?” என்பார். ஆறு என்று சொன்னால் கண் நன்றாக இருக்கிறது. ஐந்து என்றால் மறுநாள் பொன்னாங்கண்ணிக் கீரை. நான் ஏழு என்று சொல்லி உதை வாங்கியிருக்கிறேன். முருகனை வளர்த்த தாய்மார் ஆறு பேர்தானே, ஏழாவதாக யாரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறாய் என்று.

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் சான்ட்ரோ ஓட ஆரம்பித்தது. நோக்கியா 2006இல் திறந்து 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகள், 2013இல் ராயல் என்ஃபீல்டு. பிறகு வல்லம் வடகால் சிப்காட். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னால் மாவட்டத் தொழில் மையத்தின் கையேடு மாதிரி ஆகிவிடும். எங்கள் தெருவில் இருந்து பார்த்தது இவ்வளவுதான்: கடலைக்கொல்லை விற்றது, விற்ற பணத்தில் வரிசையாக ரூம் கட்டி ஒடிசா, பீகார் பையன்களுக்கு வாடகைக்கு விட்டது, மாட்டு வண்டி போன தடத்தில் கம்பெனி பஸ் போனது, ராத்திரி இருட்டாமல் போனது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு யார்டு. ஒவ்வொரு யார்டுக்கும் நாலு மூலையில் ஹைமாஸ்ட் விளக்கு. பாதுகாப்புக்கு வேண்டும்தான், குறை சொல்லவில்லை. வேலை வந்த ஊரில் வெளிச்சம் வரத்தான் செய்யும். ஆனால் கீழே பார்க்கப் போட்ட விளக்கில் ஒரு பங்கு மேலே போகிறது. மேலே போனது தூசியிலும் ஈரத்திலும் பட்டுத் திரும்பி, வானம் ஆரஞ்சு கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கூரை போட்டுக்கொள்கிறது. இப்போது எல்.இ.டி. மாற்றியபின் கூரை வெள்ளையாகிவிட்டது.

வானத்தின் கதை இப்படி என்றால் கண்ணின் கதை வேறு மாதிரி. அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் மிச்சம் அது. அந்தக் காலத்துத் தொலைநோக்கிக் கருவியைத் தாங்க நட்டது. தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அந்த ஆய்வகத்துக்கு 1861இல் வந்து சேர்ந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். வந்த கையோடு ஏப்ரல் 17ஆம் தேதி இரவு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர். பிறகு 1864, 1866, 1868 என்று மூன்று. கடைசியாக 1885இல் ‘வேரா’. முப்பது ஆண்டு சென்னையில் இருந்து இங்கேயே 1891இல் இறந்தார். இவை எல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றுபவை, பூமி பக்கம் வராத சாதுக்கள்.

அவர் வேலை செய்த விதத்தை நினைத்துப் பாருங்கள். நட்சத்திரப் படம் ஒன்றைக் கையால் வரைய வேண்டும். மறுநாள் இரவு அதே இடத்தைத் தொலைநோக்கியில் பார்த்து, வரைந்ததோடு ஒப்பிட வேண்டும். ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் அது நட்சத்திரம் இல்லை. சென்னையின் புழுக்கத்தில், கொசுவில், மேகம் வராத இரவுக்குக் காத்திருந்து, வெறும் கண்ணையும் பென்சிலையும் நம்பிச் செய்த வேலை. நுங்கம்பாக்கத்தில் அப்போது அதற்கு வேண்டிய இருட்டு இருந்தது!

போக்சன் விட்டுப்போன இன்னொரு சொத்து இன்றும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. நட்சத்திரங்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒளியை வைத்துப் பிரிப்பது கிரேக்கர் காலத்துப் பழக்கம். அதைக் கணக்காக்கியது அவர்தான், 1856இல். ஐந்து தரம் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு. ஒரு தரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 2020இல் வந்த அந்தக் கல்லின் அளவை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை. தூரம் தெரியும், எத்தனையாவது தரத்தில் மின்னியது என்று தெரியும், அதிலிருந்து போட்ட கணக்கு. கல் வெளுப்பாக இருந்தால் சிறியது, கரியாக இருந்தால் பெரியது. அதனால்தான் 3 முதல் 6 மீட்டர் என்று ஒரு இடைவெளி. நுங்கம்பாக்கத்துக்காரரின் அளவுகோல்தான் அந்தக் கல்லைக் கண்ட கலிபோர்னியாத் தொலைநோக்கியிலும் ஓடுகிறது.

வேராவுக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து எவரும் சிறுகோள் கண்டுபிடிக்கவில்லை. அதை உடைத்ததும் தமிழ்நாடுதான். ஜவ்வாது மலையில் காவலூர். 1980களின் கடைசியில் அங்கே ‘கல்கி’ என்று பெயர் வைத்து ஒரு தேடல் நடத்தினார்கள். ஆர். ராஜமோகனும் உடன் இருந்தவர்களும் 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் படம் எடுத்து, ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஒப்பிட்டு நகர்ந்ததைத் தேடினார்கள். 1988 பிப்ரவரி 17இல் கிடைத்தது இன்று 4130 ராமானுஜன். போக்சனின் பென்சில் இடத்தில் கேமரா வந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தது மனிதக் கண்தான்.

காவலூரைச் சொன்னதும் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. அங்கே உள்ள பெரிய தொலைநோக்கியை, 2.34 மீட்டர் வைணு பாப்புவை, 1986 ஜனவரி 6இல் நாட்டுக்கு அர்ப்பணித்தவர் பிரதமர் ராஜீவ் காந்தி. ஐந்து ஆண்டு கழித்து 1991 மே 21இல் அவர் இறந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஸ்ரீபெரும்புதூரில். அந்த இரவும் மறுநாளும் பஸ் இல்லை, கடை இல்லை, தெருவிளக்குகூட இல்லாதது போல் ஒரு நினைவு.

இனி 2020 ஆகஸ்ட் 16இன் பிற்பகல். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 48 அங்குல ஆஷின் தொலைநோக்கி, 1940களில் கட்டியது. பழைய வண்டிக்குப் புது என்ஜின் மாதிரி அதற்குள் இப்போது ஒரு மாபெரும் கேமரா. ஒரே படத்தில் இருநூறு முழுநிலவு பரப்பும் அளவு வானம். ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி என்று பெயர், சுருக்கமாக ஸீடிஎஃப். இரவு முழுக்க அது எடுத்துத் தள்ளும் படங்களைக் கணினி சலிக்கும். புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபட்டிருக்கும் எதையும் எடுத்து வைக்கும். பூமிக்குப் பக்கத்தில் ஓடும் பொருள், படம் எடுக்கும் நேரத்துக்குள்ளேயே நகர்ந்துவிடுவதால் கோடாக விழும். ஆனால் செயற்கைக்கோளும் கோடாகத்தான் விழும். கேமராக் கோளாறும் கோடாக விழும். எது எது என்று மனிதன் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று பார்த்தவர்கள் மும்பை ஐஐடி மாணவர்கள் குணால் தேஷ்முக், கிருத்தி சர்மா, தைவானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சென்-யென் ஷூ.

என் அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன்.

“அப்ப அவங்க பாக்குறது என் வேலைதான் மாமா,” என்றான்.

“எப்படிடா?”

“எங்க லைன்லயும் கேமரா இருக்குது. பாடி உள்ள வந்ததும் சுத்திச் சுத்திப் படம் எடுக்கும். சந்தேகம் வந்த எடத்துல எல்லாம் வட்டம் போட்டு ஸ்க்ரீன்ல குடுக்கும். பாதிக்கு மேல சும்மா. ட்யூப்லைட் நெழல், தூசி. ஒவ்வொண்ணா பாத்து ஓகே, ரீவர்க்னு தட்டணும். எட்டு மணி நேரம் இதுதான். அவங்களுக்கு எத்தினி நிமிஷத்துல ஒண்ணு வருது?”

நாளெல்லாம் பார்த்தும் ஒன்றும் சிக்காத நாள்தான் அதிகம் இருக்கும் என்றேன்.

“அப்ப சூப்பர்வைசர் திட்ட மாட்டாங்களா?”

போக்சனையும் யாராவது திட்டியிருப்பார்களா என்று யோசித்தேன். போக்சன் கூரையைத் திறந்து வானத்தைப் பார்த்தார். இவர்கள் ஊரடங்கில், வேறு நாட்டு வானத்தை, திரையில் பார்த்திருக்கிறார்கள். அக்கா மகனின் கையில் இருப்பது போன்ற மவுஸ்தான். ஊருக்கு இருட்டு தேவையில்லாமல் போனதும் இதனால்தானோ? மும்பையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் அந்தக் கோடு தெரிந்திருக்கும்.

கோட்டைக் கண்டதும் தகவல் அமெரிக்காவின் சிறுகோள் மையத்துக்குப் போனது. வேறு தொலைநோக்கிகள் அதைப் பின்தொடர்ந்து இடத்தைக் குறித்தன. பெயர் வந்தது: 2020 க்யூஜி. சேசிஸ் நம்பரைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டி எந்த வருடத்தது என்று தெரிகிற மாதிரி இதையும் படிக்கலாம். ஆண்டை 24 பாதி மாதங்களாகப் பிரித்து ஆங்கில எழுத்து கொடுத்திருக்கிறார்கள், ஐ எழுத்தையும் கடைசி எழுத்தையும் விட்டுவிட்டு. ‘க்யூ’ என்றால் ஆகஸ்ட் 16இல் தொடங்கும் பாதி. ‘ஜி’ என்றால் அந்தப் பாதியில் ஏழாவது. அதாவது அந்தப் பாதி மாதத்தில் இதற்கு முன் வரிசையில் ஆறு பேர்! போக்சன் சென்னையில் முப்பது ஆண்டில் ஐந்து கண்டார்.

சில இடக் குறிப்புகள் கிடைத்தால் சுற்றுப்பாதை வந்துவிடும். 1801இல் சீரஸ் என்ற முதல் சிறுகோளைக் கண்டு, சில வாரத்தில் சூரிய வெளிச்சத்தில் தொலைத்தபோது, 24 வயது காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை மூன்றே மூன்று குறிப்பை வைத்துப் பாதையைப் போட்டுக் கொடுத்தார். சொன்ன இடத்தில் சீரஸ் இருந்தது. அடிப்படை இன்றும் அதுதான். காகிதத்தில் அவர் மாதக்கணக்கில் போட்டதைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் போடுகிறது. அப்படிப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தபோதுதான் காலை 9.38 என்பதே தெரிந்தது.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இந்தக் கல்லுக்கும் ஒரு ‘அன்று’, ஒரு ‘இன்று’ உண்டு.

தொலைவிலிருந்து வரும்போது பூமியைப் பொறுத்து அதன் வேகம் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில்தான். பூமி இழுக்க இழுக்க வேகம் கூடி, மிக அருகே வந்தபோது 12.3 ஆனது. விழுவதற்குப் பதில் வளைந்து வெளியே போனது. வளைவு சுமார் 45 பாகை. விலகிப் போகப் போகக் கூடிய வேகத்தைப் பூமி திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படியென்றால் வந்த கணக்கும் போன கணக்கும் சரியாகிவிட்டதா? பூமிக்குச் சரி. சூரியனுக்குச் சரியில்லை. சிறுவயதில் ஓடும் மாட்டு வண்டியின் பின்கட்டையைப் பிடித்துச் சுழன்று இறங்குவோம். வண்டிக்காரருக்கு நாம் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. ரோட்டில் நிற்பவனுக்குத்தான் தெரியும், ஏறும்போது இவன் ஒரு பக்கம் ஓடினான், இறங்கி வேறு பக்கம் வேறு வேகத்தில் ஓடுகிறான் என்று. பூமி அந்த வண்டி. சூரியன் ரோட்டில் நிற்பவன். ஆகஸ்ட் 15 வரை அந்தக் கல் சூரியனைச் சுற்றிய பாதை வேறு, ஆகஸ்ட் 17 முதல் சுற்றும் பாதை வேறு.

அருணகிரிநாதருக்கும் இதே நடந்ததாக எங்கள் ஊரில் சொல்வார்கள். திருப்போரூரில் தங்கி, விடிந்ததும் திருத்தணிக்குப் போகத் திட்டம். இரவு கனவில் முருகன் வந்து கோடைநகரை மறந்துவிட்டாயே என்று கேட்கிறார். மறுநாள் பாதை வளைந்து வல்லக்கோட்டைக்கு வந்தது. இழுத்தது கனவு என்பது மட்டும் வித்தியாசம்.

2020 க்யூஜி விழுந்திருந்தால்? இந்த அளவுக் கல் காற்றிலேயே வெடித்துச் சிதறும், பெரிய வாணவேடிக்கை. சில துண்டுகள் கீழே வரலாம். அப்படி வந்தவை தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2008 செப்டம்பர் 12இல் ஓசூர் அருகே சூளகிரியில் விழுந்த விண்கல் நூறு கிலோவுக்கு மேல். 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளியில் ஒரு வெடிப்பில் ஒருவர் இறந்தபோது விண்கல் என்று அரசே அறிவித்தது. நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்து, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். பயப்பட வேண்டிய அளவு அதற்கு மேல். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்தது 20 மீட்டர் அளவு; அதிர்வில் உடைந்த ஜன்னல் கண்ணாடி பட்டு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அதுவும் சூரியன் பக்கமிருந்துதான் வந்தது. தொலைநோக்கி எவ்வளவு பெரிதானாலும் பகலில் வருகிற கல்லுக்கு நாம் இன்னும் 1861இல்தான் இருக்கிறோம்.

2020 க்யூஜியின் சாதனை மூன்று மாதம்கூட நிற்கவில்லை. நவம்பர் 13இல் 2020 விடி4 என்ற கல், தென் பசிபிக்குக்கு மேலே சுமார் 370 கிலோமீட்டர் உயரத்தில் போனது. சர்வதேச விண்வெளி நிலையமே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் சுற்றுகிறது.

செய்தி வந்து பயப்படுவதும் மாறியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032இல் பூமியில் மோதும் வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. மோதினால் விழக்கூடிய கோட்டில் தெற்காசியாவும் இருந்தது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அது ஒரு நாள் சுற்றியது. கீழேயே ரூம் வாடகை விளம்பரமும் வந்தது. மாத முடிவுக்குள் புதுக் குறிப்புகள் சேர்ந்து வாய்ப்பு பூஜ்யத்தை ஒட்டிப் போய்விட்டது. யாரும் கோழி அடிக்கவில்லை.

அதற்கு முன்பு ஒருமுறை இப்படி ஏறியது 2004 டிசம்பரில். அப்போஃபிஸ் என்ற சிறுகோள், சுமார் 375 மீட்டர், 2029இல் மோத 2.7 சதவீத வாய்ப்பு என்று கணக்கு வந்த நாள் டிசம்பர் 27. அதற்கு முந்தின நாள் காலையில் என்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்காரனுக்குச் சொல்ல வேண்டாம். நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் உள்ளே வந்திருந்தது. இறந்தவர்களை எண்ணி முடிக்காத அந்த வாரத்தில், இருபத்தைந்து ஆண்டு கழித்து வரப்போகும் கல்லைப் பற்றி யார் படித்தார்கள்? அதே வாரத்தில், அந்த ஆண்டு மார்ச் மாதத்துப் பழைய படங்களில் அதன் தடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கணக்கைத் திருத்தினார்கள். மோதாது என்று உறுதியானது. 2021இல் ரேடார் வைத்துப் பார்த்து இன்னும் நூறு ஆண்டுக்குக் கவலை இல்லை என்றார்கள்.

ஆனால் வரும். 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை இரவு. தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர், டிவி செயற்கைக்கோள்களுக்கும் கீழே. ஆஸ்திரேலியா பக்கம் தோன்றி, இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, ஆப்பிரிக்கா வழியாக அட்லாண்டிக் மேலே போகும்போது மிக நெருக்கம். நம் கடிகாரத்தில் அது 14ஆம் தேதி அதிகாலை 3 மணி 16 நிமிடம். சித்திரை ஒன்று, தமிழ் வருடப் பிறப்பு. அம்மா அந்த நேரத்துக்கு எழுந்து மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ வறுத்துக்கொண்டிருப்பார். அதன் பாதையும் அன்று மாறும். இதுவரை 324 நாளில் சூரியனைச் சுற்றிய கல், அதற்குப் பிறகு ஒரு சுற்றுக்குச் சுமார் பதினான்கு மாதம் எடுத்துக்கொள்ளும்.

தொலைநோக்கியும் திரையும் வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள். உச்ச ஒளி சுமார் 3ஆம் தரம். நம் வானில் இருக்கும் முன்னிரவில் அதைவிட மங்கல். அமாவாசையை ஒட்டிய நாள் என்பதால் நிலாத் தொல்லை இல்லை. மற்றது எல்லாம் ஹைமாஸ்ட் விளக்கின் கையில்.

அதனால் சென்ற மார்கழியில் ஒரு சோதனை செய்தோம். நான், அம்மா, பி ஷிஃப்ட் இல்லாத வாரம் என்பதால் அக்கா மகன். ஒன்பது மணிக்கு மேல் வஜ்ர தீர்த்தத்தின் படிக்கட்டு. 2025 ஜூலைக் குடமுழுக்குக்கு அடித்த வர்ணம் கோபுரத்தில் இன்னும் புதிதாக இருந்தது. குளத்துத் தண்ணீரில் நட்சத்திரம் ஒன்றும் இல்லை. தூரத்து விளக்குகள் மட்டும் நீளமாக விழுந்திருந்தன. போக்சன் கணக்கில் கார்த்திகைக் கூட்டத்தின் முதல் நட்சத்திரம் 2.9. அடுத்த மூன்று மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே. கடைசி இரண்டு நாலைத் தாண்டியவை. அப்போஃபிஸ் நம் வானில் முதல் கார்த்திகையைவிட மங்கலாகத்தான் இருக்கும்.

“எத்தினி தெரியுது?” என்று அம்மா கேட்டார். பாட்டியின் குரல் அப்படியே.

எனக்கு ஒன்று தெரிந்தது, அதைச் சுற்றிக் கொஞ்சம் புகை.

“ரெண்டு ஆயா,” என்றான் அவன்.

அம்மா இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர். அண்ணாந்து பார்த்து, விரல் நீட்டி, ஒன்று இரண்டு என்று ஆறு வரை நிதானமாக எண்ணினார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

“அந்த வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் இருக்காது மாமா,” என்றான் அவன். “வருஷப்பிறப்பு லீவு. முந்தின நாளு பி ஷிஃப்டோட லைன நிறுத்திடுவாங்க.”

“யார்டு லைட்டு?”

“அத நிறுத்த மாட்டாங்க.”

எழுந்து இரண்டு படி கீழே இறங்கி, மண்டபத் தூணின் நிழலுக்குள் போய் நின்றான். விளக்குப் பக்கம் உள்ளங்கையை விரித்து மறைத்துக்கொண்டு மறுபடி அண்ணாந்தான்.

“மூணு,” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “நாலாவது இருக்கிற மாதிரி இருக்குது. இருங்க.”